தென்னைக்குப் போட்ட உப்பு

வலியுல்லா பாய் தான் செய்த வேலையை யாருக்கும் காட்ட முடியாது. கொத்தனார் தெருவில் நின்று, அதோ நான் கட்டிய வீடு என்று காட்டலாம். பெயிண்டர் சுவரைக் காட்டலாம். பாயின் வேலை எல்லாம் மண்ணுக்குள் கிடக்கிறது. பள்ளம் தோண்டி, தூணின் அடியைத் திறந்து, உள்ளே துருப்பிடித்த கம்பியைச் சுரண்டி, மருந்தடித்து, புது கான்கிரீட் போட்டு, அதன்மேல் தார் பூசி, மறுபடி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடுவார். மறுநாள் அந்த மண்ணின் மேல் ஒருவர் காரை நிறுத்திவிட்டு லிஃப்டில் ஏறிப் போவார். இந்த ஊரில் வீடு வாங்குகிறவர்கள் பால்கனியைப் பார்க்கிறார்கள், சமையலறை அலமாரியைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள், வாசல் எந்தத் திசை என்று நாலு பேரிடம் கேட்கிறார்கள். அத்தனை மாடியும் எதன்மேல் நிற்கிறது என்று கேட்ட ஒருவரைக்கூட பாய் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை என்பதால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ராயப்பேட்டையில் ஒரு சந்தில் பிறந்தவர் பாய். இளவயதில் மொட்டை மாடிகளுக்குத் தார் ஊற்றும் வேலை. பிறகு சவுதியில் தம்மாமுக்குப் போய்ச் சில வருஷம், கடலை ஒட்டிய கட்டடங்களின் அஸ்திவாரத்துக்கு மருந்து பூசும் வேலை. அங்கே அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். கான்கிரீட்டுக்குள் இருக்கிறவரை கம்பிக்கு ஒரு கேடும் இல்லை. உப்பு உள்ளே இறங்கிவிட்டால் போயிற்று. கம்பி துருப்பிடிக்கும், துரு ஏற ஏறப் பருக்கும், பருத்துப் பருத்துத் தன்னைக் காத்து நின்ற கான்கிரீட்டையே வெடிக்க வைக்கும்.

அந்தப் பாடத்தை அவர் மார்க்கத்தைப் போலக் கடைப்பிடித்தார். மணல் வந்து இறங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கரித்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார், டிரைவர் எவ்வளவு கத்தினாலும் சரி. போர் தண்ணீரையும் அப்படித்தான் வாயில் ஊற்றிப் பார்ப்பார். அவரிடம் வெகுநாளாகச் சித்தாள் வேலை பார்க்கும் பாஞ்சாலி ஒருமுறை சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் டப்பாவைக் கலவைத் தண்ணீர் டிரம்மில் கழுவப் போனாள்.

"ஏய், அத்த அங்க கழுவாத. குழாயாண்ட போ" என்று பாய் பள்ளத்துக்குள்ளிருந்தே கத்தினார்.

"ஒரு டப்பா ஊறுகாயில கட்டடம் சாஞ்சிடுமா பாய்?"

"கட்டடம் சாயாது. நான் சாஞ்சிடுவேன்."

பாஞ்சாலி இதை வேலைக்குப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உப்பு என்றால் அப்படிப் பயப்படுகிற மனுஷன். அவர் கையாலேயே அது நடந்தது என்றால் யார் நம்புவார்கள்?

பெருவெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் பாய்க்கு வேலை குவிந்தது. தண்ணீர் நின்ற கட்டடக்காரர்கள் எல்லாம் திடீரென்று பூமிக்குக் கீழே ஒன்று இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். அப்படி வந்த வேலைதான் திருமகள் டவர்ஸ். அடையாற்றில், ஆறு கடலைச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுக்குத் தெருவில், கீழே கார் நிறுத்துமிடமும் மேலே எட்டு மாடியுமாக நிற்கும் பழைய கட்டடம். செக்ரட்டரி அய்யாதுரைக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பளிச்சென்று வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, யாரைக் கண்டாலும் முதலில் "சாப்டாச்சா" என்றுதான் கேட்பார். பாய்க்கு அவரை வந்த அன்றே பிடித்துப் போயிற்று.

மதில் சுவருக்கும் வெளிவரிசைத் தூண்களுக்கும் நடுவில் ஒரு முழ மண் இருந்தது. அதில் தூணுக்கு ஒன்றாக எட்டுத் தென்னை. கட்டியவர் அழகுக்காக வைத்தது. அய்யாதுரைதான் அவற்றைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். பாய் தூண்களின் அடியைத் திறந்தபோது அங்கங்கே துரு இருந்தது. வெள்ளத்தின் வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள், பாயும் நினைத்தார். கெட்ட இடத்தை எல்லாம் கொத்தி எடுத்துப் புதுசாகப் போட்டார். தாரை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தானே பூசினார். மண்ணை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே எங்காலத்துல இதத் தோண்ட வேணாம் சார்" என்று அய்யாதுரையிடம் சொன்னார். சொன்னபோது மனசார நம்பித்தான் சொன்னார்.

பாய்க்கு ஒரே மகள், ஃபிசா. தி.நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். மருமகன் ஷோயப் ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சொந்தமாக ஒரு ஃப்ளாட் வாங்க அலைந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு புரோக்கர் போனில் தேன் ஒழுகப் பேசினார். பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், "ஓனர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மந்தைவெளியில் பேசி முடித்த பிறகு, வீட்டை விற்கிற எண்ணமே இல்லை என்றார்கள். அடுத்த வாரம் அந்த வீடு வேறொருவருக்குப் போயிற்று. ஃபிசா ஒரு நாள் அம்மாவிடம் மட்டும், "எங்க பேர மாத்திக்கினா வீடு குடுப்பாங்களாம்மா" என்று கேட்டாள். அமீனா பீ அதை பாயிடம் சொன்னாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திருமகள் டவர்ஸில் ஐந்தாம் மாடியில் ஒரு ஃப்ளாட் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அய்யாதுரையிடம் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"பாய் மகளுக்கு இல்லாத வீடாவே?" என்றார் அய்யாதுரை. "நாளைக்கே வரச் சொல்லும். யாரு என்ன சொல்லுதான்னு நான் பாத்துக்கிடுதேன்."

ஷோயப்புக்குத்தான் கொஞ்சம் யோசனை. "பழைய பில்டிங்கா இருக்கே மாமா. ஆறு வேற பக்கத்துல."

"அதும் கால நான் கையில புடிச்சுப் பாத்துருக்கேன் மாப்ள. என் பேச்ச நம்பி வாங்கு. ஒண்ணும் ஆவாது."

பாயின் பேச்சை நம்பித்தான் வாங்கினார்கள். பேங்கில் கடன் போட்டு, அமீனா பீயின் வளையலும் அதில் சேர்ந்து, ஒரு நல்ல நாளில் குடி போனார்கள். தன் வேலையை ஒருவருக்கும் காட்ட முடியாத மனுஷனுக்கு, தான் தாங்கிப் பிடித்த கட்டடத்தின் மேல் தன் மகளே குடியிருப்பது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் வேலை என்றால்கூட வண்டியை அடையாறு வழியாக விட்டு, ஐந்தாம் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாடிக்கு ஒரு மரம். வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கீழே இறங்கி வருவார்கள். தென்னைக்கு உப்பு போட்டால் குரும்பை உதிராமல் காய் நிற்கும் என்பது அய்யாதுரையின் ஊர்க் கணக்கு. தென்னை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். மரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்துக் கல் உப்பைப் போட்டு மூடித் தண்ணீர் விடுவார்கள். டீ வரும், வடை வரும், குழந்தைகள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் போடும். ஃபிசா குடி போன மாதமே அந்த ஞாயிறு வந்தது. ஐந்தாம் மாடியில் எதிர் ஃப்ளாட் பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரர் அமெரிக்காவில். அய்யாதுரை ஃபிசாவைக் கூப்பிட்டு, "இது ஒங்க மரம்மா. நீதான் பாத்துக்கிடணும்" என்றார்.

ஃபிசா உடனே அப்பாவுக்கு போன் போட்டாள். "அத்தா, எங்களுக்கு மரம் குடுத்துருக்காங்க." அதையே மறுபடியும் மறுபடியும் சொன்னாள். வீடு கிடைத்த அன்றுகூட அவள் அப்படிப் பேசவில்லை. பணம் கொடுத்தால் வீடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மரத்தை யாரும் பணத்துக்குக் கொடுக்கவில்லை. நீ எங்களில் ஒருத்தி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பாய் அதைக் கேட்டுவிட்டு ஜாம்பஜார் மார்க்கெட்டுக்குப் போனார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாக்கெட் உப்பு போட்டார்கள் என்றால், பாய் ஒரு மூட்டையை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு அடையாற்றுக்கு வந்து இறங்கினார். என் மகள் மரத்துக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்கிற வீம்பு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே மண்ணைப் பறித்தார், தானே கொட்டினார், தானே மூடினார். அடுத்த தடவையும் மூட்டை. அதற்கடுத்த தடவையும் மூட்டை. ஐந்தாம் மாடி மரம் காய்த்துக் கொட்டியது. ஃபிசா ஒவ்வொரு வீடாகக் காய் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் மாடி சந்திரிகா, "உங்க காயில சட்னி அரைச்சா தனி ருசி" என்று சொல்லியிருக்கிறாள்.

மரத்துக்கும் தூணுக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்கூட இல்லை. அந்தத் தூணின் அடியில் தார் பூசியது யார்? பாய்தான். மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பது யார்? அவரேதான். அது எப்படி ஐயா தோன்றாமல் போகும் என்று இன்றைக்கு நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். வேலைக்கு வருகிறபோது அவர் அழுக்கு லுங்கி கட்டியிருப்பார், கண் தூணிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டை போட்டு மகள் வீட்டுக்கு வந்திருப்பார், கண் மரத்தில் இருக்கும். தூண் தொழில், மரம் மகளுடையது. இந்த இரண்டும் ஒரே மண்ணில் நிற்கின்றன என்பது அத்தனை வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவர் புத்திக்கு எட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருஷம் மழை முடிந்ததும் அய்யாதுரை போன் செய்தார். கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணின் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறது, பழுப்பாக ஏதோ கசிகிறது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகும்படி சொன்னார். பாய் பாஞ்சாலியைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்தாம் மாடி மரத்துக்கு எதிரே நின்ற தூண் அது. தோண்டினார்கள். அவர் அன்றைக்குப் போட்ட புது கான்கிரீட் அப்படியே கல்லாக இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் மேலேயும் பக்கத்திலும் இருந்த பழைய கான்கிரீட் கையோடு பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துரு அடை அடையாக இருந்தது. தட்டினால் உதிர்ந்தது. தாரைத் தென்னை வேர்கள் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தன.

பழக்கதோஷத்தில் பாய் உதிர்ந்த கான்கிரீட் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கரித்தது. அப்போதும் அவருக்கு ஆற்றின் நினைப்புதான். கடல் தண்ணீர் மண்ணுக்கடியில் ஏறி வந்திருக்கிறது என்று நினைத்தார். அப்படியானால் எல்லாப் பக்கமும் கரிக்க வேண்டும். தெருப் பக்கத்தில், மரமே இல்லாத வரிசையில், ஒரு தூணின் அடியைத் தோண்டச் சொன்னார். அங்கே ஆறு இன்னும் கிட்டத்தில் இருந்தது. தூளைச் சுரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் சிமெண்டு.

பாய் முதல் பள்ளத்துக்குத் திரும்பி வந்தார். வேர்களைப் பார்த்தார். பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்தார். மேலே குலை குலையாகக் காய்.

பள்ளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாய், மயக்கமா கீதா? சோடா வாங்கியாறவா?" என்றாள் பாஞ்சாலி.

"ஒண்ணுமில்ல. மண்ணத் தள்ளாத. அப்டியே கெடக்கட்டும்."

அய்யாதுரையிடம், "நான் பாத்தா பத்தாது சார். இஞ்சினியர வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். படித்தவர்கள் வந்து வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. அந்த வாரம் முழுக்க அல்லாவிடம் அவர் கேட்டது அதைத்தான். ஆறாக இருக்கட்டும், கட்டியவன் செய்த திருட்டாக இருக்கட்டும், என் தார் வேலையில் கோளாறாகக்கூட இருக்கட்டும், அந்த உப்பாக மட்டும் இருக்க வேண்டாம்.

இஞ்சினியர் ஷண்முகப்ரியா நிதானமான பெண். மர வரிசையின் எட்டுத் தூண்களிலும் தெருப் பக்கத் தூண்களிலும் துளை போட்டுத் தூள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் ஒரு சனிக்கிழமை காலை கீழே எல்லாரையும் கூட்டிப் பேசினாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாய் நாற்காலியில் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டார்.

"மரம் இருக்கிற வரிசையில எட்டுத் தூணும் அடியில அரிச்சுப் போச்சு" என்றாள் ஷண்முகப்ரியா. "அஞ்சாவது தூண் ரொம்ப மோசம். கான்கிரீட்டுக்குள்ள அவ்வளவு உப்பு இருக்கு. ஆனா தெருப் பக்கம் சுத்தமா இருக்கு, ஆத்துத் தண்ணியா இருந்தா அப்படி இருக்காது. இந்தப் பக்கம் மண்ணுல இவ்வளவு உப்பு எப்படி வந்ததுன்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

நாம் சொல்லிவிடுவோம் என்று பாய் வாயைத் திறந்தார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஃபிசா முந்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை எழுந்து நிற்குமே, அந்த முகம்.

"அது தென்னைக்குப் போடறது மேடம். வருஷா வருஷம் எல்லாரும் போடுவோம். எங்க மரத்துக்கு எங்க அத்தாவே மூட்டையோட கொண்டாந்து போட்டுருவாங்க. அதான் எங்க மரத்துல காய் ஜாஸ்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பாயின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி இஞ்சினியரைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்கல்லாம் ஒரு பாக்கெட்தான் போடுவோம்" என்றாள் சந்திரிகா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள். "மூட்டை மூட்டையா யாரும் போட்டதில்ல."

"இவங்க வந்தப்புறம்தானே இவ்வளவும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்படி இல்லைங்க" என்றாள் ஷண்முகப்ரியா. "இது கட்டின நாள்லேர்ந்து இறங்கின உப்பு. போன தடவை திறந்தப்பவே துரு இருந்திருக்கு. எல்லாருடைய உப்பும் இதுல இருக்கு." அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எல்லாரும் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்த அய்யாதுரை, யார் என்ன சொன்னாலும் பார்த்துக்கொள்கிறேன் என்ற அய்யாதுரை, தலையைக் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்துபோன மனுஷர். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் பாய் வாசலில் ஷண்முகப்ரியாவை மறித்தார்.

"மேடம், நான் எட்டுத் தூணையும் தெறந்து சுத்தி திரும்ப கான்கிரீட் ஜாக்கெட் போட்டுத் தர்றேன். யாரும் ஒண்ணும் தர வேணாம்."

"பாய், நீங்க போட்ட புது கான்கிரீட் நல்லாத்தான் இருக்கு. அது நல்லா இருக்கிறதாலதான் பக்கத்துல இருந்த உப்பேறின பழசு இன்னும் வேகமாப் போச்சு. நீங்க ஒரு இடத்தை அடைச்சா துரு அடுத்த இடத்துக்குத் தாவும். உள்ள இறங்கின உப்பை எங்க போய்ச் சுரண்டுவீங்க?"

"கம்பிக்குக் கரண்ட் குடுத்துத் துருவ நிறுத்துவாங்களே. தம்மாம்ல பாத்துருக்கேன்."

"கம்பி இருந்தா நிறுத்தலாம்" என்றாள் அவள். அவள் குரலிலும் வருத்தம் இருந்தது. "இங்க பாதிக்கு மேல கம்பியே இல்லையே. எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி எழுதித்தான் ஆகணும். மன்னிச்சுக்கங்க."

காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றால், ஆற்றங்கரையில் அந்த இடத்தில் இப்போது அத்தனை மாடிக்கு அனுமதி கிடைக்காது என்றார்கள். மாடி குறைந்தால் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை? அந்தச் சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிற்று, எந்த பில்டரும் எட்டிப் பார்க்கவில்லை. இல்லாத வீட்டுக்கு ஃபிசாவும் ஷோயப்பும் மாதாமாதம் பேங்குக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் அமீனா பீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? அந்த பில்டிங்கே போட்டுது. நீங்களும் போட்டீங்க."

"அவங்களுக்குத் தெரியாது அமீனா. எனக்குத் தெரியும்ல."

பாய் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. பாஞ்சாலி இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு வேறு மேஸ்திரியிடம் போய்விட்டாள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு எல்லாரும் எழுந்து போன பிறகும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டால் அல்லா தந்துவிடுவான். வீட்டை யார் தருவார்கள்?

ஒரு நாள் மயிலாப்பூரில் நடந்து போகும்போது ஓர் அடுக்குமாடியின் மதிலுக்குள் தென்னைகளைப் பார்த்தார். தூண்களை ஒட்டி வரிசையாக நின்றன. அடிமண் புதிதாகப் பறித்து மூடியிருந்தது. நேரே உள்ளே போய் வாட்ச்மேனிடம், "இங்க மரத்துக்கு உப்பு போடறீங்களா? போடாதீங்க. கட்டடம் போயிடும். செக்ரட்டரிகிட்ட சொல்லுங்க" என்று மூச்சு விடாமல் சொன்னார்.

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தான். தாடி ஒழுங்கில்லாமல், சட்டை கசங்கி நின்ற கிழவர். "இன்னா பாய், தேங்கா வோணுமா?" என்றான். "விக்கறதுக்கு இல்ல. கெளம்பு."

பாய் கிளம்பினார்.

ஃபிசா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. எதற்கு இப்படிச் செய்தாய் என்று அவள் கத்தியிருந்தால், அழுதிருந்தால், அவர் அவள் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பார். அவள் எப்போதும்போல வெள்ளிக்கிழமை போன் செய்தாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள், அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். வீட்டைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. வாடகை வீடு தேடியபோதும் அவரிடம் சொல்லவில்லை. கே.கே. நகரில் பார்த்து, பேசி, முன்பணம் கொடுத்த பிறகு அம்மாவிடம்தான் சொன்னாள்.

சாமான் ஏற்றுகிற அன்று பாய் கூப்பிடாமலே போனார். திருமகள் டவர்ஸின் வாசலில் நான்கைந்து லாரிகள் நின்றன. சந்திரிகா தன் சாமான்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், பாயைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அய்யாதுரை முந்தின நாளே மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாய் ஒருவரோடும் பேசாமல் ஐந்து மாடியும் ஏறி இறங்கிப் பாத்திர மூட்டைகளைத் தூக்கினார். "நீங்க உக்காருங்க மாமா, ஆளுங்க இருக்காங்க" என்று ஷோயப் சொன்னான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். பாய் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டே இருந்தார்.

கே.கே. நகர் வீடு இரண்டாவது மாடி. சின்ன வீடு, கூடத்தில் பகலிலேயே விளக்கு போட வேண்டும். பாய் குளியலறையில் பக்கெட்டை வைக்கப் போனவர் மேலே பார்த்தார். உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல். அதை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு. அது என்ன என்று அவருக்குத் தெரியும். இந்த ஊரில் அவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கை தானாக மேலே போயிற்று, விரல் மடங்கித் தட்டிப் பார்க்கப் போயிற்று. ஃபிசா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபிசாம்மா, இந்த..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் அத்தா" என்றாள் ஃபிசா. குரலில் கோபம் துளியும் இல்லை, களைப்பு மட்டும்தான். "ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னாலும் எனக்குப் பயமா இருக்கும். நல்லா இல்லைன்னு சொன்னா இன்னொரு வீடு தேட எங்களுக்குத் தெம்பு இல்ல."

பாய் கையை இறக்கிக்கொண்டார். பக்கெட்டைக் குழாயடியில் வைத்தார். ஃபிசா அவருக்கு டீ போட அடுப்பைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மாடிப்படி இறங்கி, மீதிச் சாமானை எடுத்து வரப் போனார்.